சின்னப் படகா, பெரிய படகா? கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு

(இராமநாதபுரம் கடற்கரைக் குழுக்களின் கூட்டத்தில் கடன் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



படகுக் கடனைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படகு கேட்டு வரும் மனுக்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது: "28 அடி ஃபைபர் படகு, 10 எச்.பி. எஞ்சின்." ஏன் 28 அடி என்று கேட்டால் வரும் பதில்களும் ஒரே மாதிரிதான். "எல்லாரும் அதான் வச்சிருக்காங்க." "மானியம் வரும்போதே பெருசா வாங்கிக்கலாம்." "எங்க வீட்ல அதான் கேக்குறாக." இந்த மூன்று பதிலிலும் கணக்கு இல்லை. ஒரு ஆட்டுக்குட்டி வாங்கக் கடன் கேட்டால்கூட தீவனத்துக்கு என்ன செய்வீங்க என்று குழுவில் கேட்கிறோம். படகுக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

பெரிய படகு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பெரிய படகுதான் சரி என்கிற வீடும் உண்டு, சின்னப் படகுதான் சரி என்கிற வீடும் உண்டு. நம் வீடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எட்டு அடியில் எவ்வளவு கூடுகிறது?

20 அடிப் படகையும் 28 அடிப் படகையும் எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 அடி. "எட்டு அடிதானே" என்று தோன்றும். ஆனால் படகு நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலமும் உயரமும் அதே அளவில் கூடினால், உள்ளே கொள்ளும் இடம் ஏறக்குறைய 2¾ மடங்கு ஆகிவிடும். நம்ம வீட்டுக் குடத்தையே பாருங்க. வாய், வயிறு, உயரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பெரிசா இருக்கிற குடத்தில் எவ்வளவு தண்ணீர் கூடப் பிடிக்கிறது! தூக்கும்போது இடுப்புக்குத் தெரியும்.

படகும் அப்படித்தான். 8 அடி கூடினால் வலை அதிகம் ஏற்றலாம், ஐஸ் பெட்டி வைக்கலாம், நாலு பேர் போகலாம். கூடவே படகின் எடை கூடும், விலை கூடும், எஞ்சின் பெரிதாக வேண்டும், எண்ணெய் கூடும், கரையில் ஏற்ற ஆளும் கூடும். லாபம் கூடுகிறதோ இல்லையோ, இந்தச் செலவெல்லாம் கட்டாயம் கூடும்.

பெரிய படகுக்கு உள்ள நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். நீளமான படகு தண்ணீரை எளிதாக வெட்டிக்கொண்டு போகும். எஞ்சினை வருத்தாமல், அலையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், 20 அடிப் படகு மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் போகும். 28 அடிப் படகு சுமார் 13 கிலோமீட்டர் போகும். அதற்கு மேல் விரட்டினால் இரண்டிலும் எண்ணெய்தான் தீரும். அலை கொஞ்சம் எழுந்தால் பெரிய படகில் தண்ணீர் அடிப்பது குறைவு. ஐஸ் கொண்டுபோவதால் மீன் கெடாமல் வந்து நல்ல விலைக்குப் போகும். கரைப்பக்கம் மீன் இல்லாத நாளில் தூரம் போய்ப் பார்க்கலாம். இதெல்லாம் உண்மை. கேள்வி என்னவென்றால், இந்த நல்ல குணங்கள் நம்ம தொழிலுக்கு எத்தனை நாள் பயன்படும் என்பதுதான்.

எந்தக் கடல்? எந்தக் காற்று?

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. இராமேசுவரம் பக்கம் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அமைதியா இருக்கிறதைப் பெண் என்றும் ஆர்ப்பாட்டம் பண்றதை ஆண் என்றும் யார் பெயர் வைத்தார்களோ, நம்ம குழுக் கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்!

ஆனால் அந்தப் பெண் கடலும் வாடைக் காற்றில் பொங்கும். வாடையில் வடகடல் குழம்பும், தென்கடல் கரையோரம் அடங்கியிருக்கும். சோழகக் காற்றில் தென்கடல் எழும்பும், வடகடல் அடங்கும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படகு வாங்கும்போது இதைக் கணக்கில் சேர்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

வடகடலில் கரையோரம் ஆழம் குறைவு, அடியில் சேறும் மணலும். நண்டு வலை விடுகிறவர்கள் பெரும்பாலும் போய் அன்றைக்கே திரும்புகிறவர்கள். இந்தத் தொழிலுக்குத் தூரமும் வேண்டாம், பெரிய ஐஸ் பெட்டியும் வேண்டாம். அங்கே பெரிய படகு வைத்தால் தண்ணீர் வற்றும் நேரத்தில் தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சாமானைத் தலையில் சுமந்து இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் அதைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதும் பெரும்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கரையோரம் கட்டிக் கிடந்த படகுகள் எப்படி உடைந்தன என்று வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உறவு உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சின்னப் படகுக்கு இன்னொரு வசதி. காற்று மாறும்போது லாரியில் ஏற்றி அடுத்த கடற்கரைக்குக் கொண்டுபோகலாம். அங்கே உறவும் ஊர்ச் சம்மதமும் இருந்தால், வீட்டில் படகு சும்மா கிடக்கும் நாட்களில் பாதியை மிச்சம் பிடிக்கலாம்.

தென்கடலில் கொஞ்சம் தூரம் போய் வலை விடுகிறவர்கள், இரவு தங்கி வருகிறவர்கள், அவர்களுக்குச் சின்னப் படகு ஆபத்து. அங்கே அலையும் நீளம், தூரமும் நீளம். அவர்களுக்கு 28 அடி கேட்பது நியாயம். அதேபோல கடலூர், நாகை மாதிரி அலை உடையும் கரைகளில் படகை மணலில் ஏற்றி இறக்க வேண்டும். பெரிய ஃபைபர் படகை இழுக்க அங்கே பல ஊர்களில் டிராக்டர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கூலி உண்டு. ஆக, பக்கத்து மாவட்டத்தில் நன்றாக ஓடும் படகு நம்ம கரையில் ஓட வேண்டும் என்று சட்டம் இல்லை.

வீட்டில் எத்தனை கை இருக்கிறது?

இதுதான் பலர் கேட்க மறக்கிற கேள்வி. 20 அடிப் படகுக்கு இரண்டு பேர் போதும். 28 அடிக்கு நாலு பேர் வேண்டும். வீட்டில் கணவரும் மகனும் இருந்தால் சின்னப் படகில் உழைப்புப் பங்கு முழுவதும் வீட்டுக்கு வரும். பெரிய படகில் வெளியாள் இரண்டு பேர் சேர வேண்டும். உழைப்புப் பங்கில் பாதி வெளியே போகும். அந்த இரண்டு பேர் ஒரு நாள் வரவில்லை என்றால் படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. ஆள் தங்க வேண்டும் என்று முன்பணம் கேட்பார்கள், அதுவும் நம்ம தலையில்.

வீட்டில் நாலு ஆண்கள் இருக்கிறார்கள், அண்ணன் தம்பி ஒற்றுமையாக ஒரே படகில் போகிறார்கள் என்றால் கணக்கே வேறு. அங்கே பெரிய படகு தாராளமாகப் பேசலாம்.

நல்ல மாதம், கெட்ட மாதம்

இப்போது நோட்டை எடுங்க. நான் சொல்வது ஒரு மாதிரிக் கணக்கு. விலையும் பங்கும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் எண்ணைப் போட்டு வீட்டில் மறுபடி போட்டுப் பாருங்க.

முதலில் எண்ணெய். பழைய முறை டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால், ஒரு எச்.பி.க்கு மணிக்கு அரை லிட்டர் வரை குடிக்கும். டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய கால் லிட்டர். டீசல் சிக்கனம்தான், ஆனால் கனம். சின்னப் படகின் பின்பக்கம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நாம் பெட்ரோல் எஞ்சினையே வைத்துக்கொள்வோம். சின்னப் படகுக்கு 5 எச்.பி., நாலு மணி நேர ஓட்டம், 10 லிட்டர். பெரியதற்கு 10 எச்.பி., 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,000 ரூபாயும் 2,000 ரூபாயும். சாப்பாடு, ஐஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாள் கடலுக்குப் போக சின்னப் படகுக்கு 1,200, பெரிய படகுக்கு 2,500 என்று எழுதிக்கொள்ளுங்க. மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

அடுத்து தவணை. படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்த்துச் சின்னதற்கு ஒன்றரை லட்சம், பெரியதற்கு மூன்று லட்சம் கடன் என்று வைப்போம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, குறையும் நிலுவைக்கு, 36 தவணை. சின்னதற்கு மாதம் ஏறக்குறைய 5,000, பெரியதற்கு 10,000. எஞ்சின் பழுது, வலை கிழிசலுக்கு என்று மாதம் 1,500-ம் 3,000-மும் ஒதுக்க வேண்டும். ஆக மாதம் ஒதுக்க வேண்டியது 6,500, மற்றது 13,000.

பங்கு முறை: செலவு போக மிச்சத்தில் பாதி படகு, வலை, எஞ்சினுக்கு, பாதி உழைக்கிறவர்களுக்கு. வீட்டில் இரண்டு பேர் உழைக்கிறார்கள். பெரிய படகில் கூட இரண்டு வெளியாள்.

நல்ல மாதம் 15 நாள் தொழில். சின்னப் படகுக்கு ஒரு நாள் பாடு 4,000 ரூபாய், பெரியதற்கு அதைப்போல இரண்டு மடங்கு 8,000. சின்னப் படகில் மொத்தம் 60,000. செலவு 18,000 போக 42,000. படகுப் பங்கு 21,000-ல் 6,500 போக 14,500. உழைப்புப் பங்கு 21,000 முழுவதும் நமக்கு. வீட்டுக்கு வருவது 35,500. பெரிய படகில் மொத்தம் 1,20,000. செலவு 37,500 போக 82,500. படகுப் பங்கு 41,250-ல் 13,000 போக 28,250. உழைப்புப் பங்கில் நம் இரண்டு பேருக்கு 20,625. வீட்டுக்கு வருவது 48,875. நல்ல மாதத்தில் பெரிய படகு 13,000 ரூபாய்க்கு மேல் கூடக் கொடுக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

இப்போது கெட்ட மாதம். காற்று, மழை, மீன் இல்லை. 8 நாள்தான் தொழில். சின்னப் படகுக்குப் பாடு 2,000, பெரியதற்கு 4,000. சின்னப் படகில் மொத்தம் 16,000. செலவு 9,600 போக 6,400. படகுப் பங்கு 3,200. ஒதுக்க வேண்டியது 6,500. துண்டு விழுவது 3,300. உழைப்புப் பங்கு 3,200 வந்து அதை ஏறக்குறைய சரிக்கட்டும். கையில் ஒன்றும் இல்லை, ஆனால் பெரிய நட்டமும் இல்லை. பெரிய படகில் மொத்தம் 32,000. செலவு 20,000 போக 12,000. படகுப் பங்கு 6,000. ஒதுக்க வேண்டியது 13,000. துண்டு 7,000. நம் உழைப்புப் பங்கு 3,000. அதையும் போட்டாலும் 4,000 ரூபாய் கையை விட்டுப் போகும். வீட்டில் அரிசி வாங்கியதை இன்னும் நான் எழுதவில்லை.

வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், இந்த மாதிரிக் கணக்கில் வருடத்துக்கு 3 நல்ல மாதமாவது கிடைத்தால் பெரிய படகு முந்தும். 2 மாதம்தான் என்றால் சின்னப் படகு முந்தும். அதனால் வீட்டில் கேளுங்க, "போன வருஷம் நல்ல மாசம் எத்தனை? அதுக்கு முந்தின வருஷம்?" வாயால் சொல்வதை எழுத வேண்டாம். ஏலக் கணக்குச் சீட்டு இருந்தால் அதைப் பார்த்து எழுதுங்க.

இன்னொன்றும் இருக்கிறது. கெட்ட மாதம் ஒன்று விட்டு ஒன்று வராது. ஒன்றின் பின் ஒன்றாக வரும். நாலு கெட்ட மாதம் தொடர்ந்தால் பெரிய படகு 16,000 ரூபாயைத் தின்றிருக்கும், வீட்டுச் செலவு தனி. நல்ல மாதம் வரும்வரை அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெரிய படகு வாங்க நினைக்கிற வீட்டில் குறைந்தது மூன்று தவணைப் பணம் தனிச் சேமிப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் பெரிய படகு வாங்குவது யானையைக் கட்டித் தீனிக்கு அலைகிற கதைதான்.

மானியம் வந்தால்?

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று மானிய அளவு வைத்தார்கள். இப்படி மானியம் வருகிறபோது "பெருசா வாங்கிருவோம்" என்கிற ஆசை வருவது இயற்கை. ஆனால் மானியம் வாங்குகிற செலவைத்தான் குறைக்கும். தினமும் ஊற்றுகிற எண்ணெயை அது குறைக்காது.

நம் மாதிரிக் கணக்கிலேயே 60 சதவீதம் முழுவதும் கிடைத்ததாக வைத்துப் பாருங்க. பெரிய படகின் தவணை 4,000 ஆகும், சின்னதன் தவணை 2,000 ஆகும். அப்போதும் கெட்ட மாதத்தில் பெரிய படகு 2,000 ரூபாய் மிச்சம் தரும், சின்னது 2,900 தரும். மானியம் நல்ல உதவி. அதை வேண்டாம் என்று சொல்லாதீங்க. அடியை மட்டும் அது தீர்மானிக்க விடாதீங்க.

2004 சுனாமிக்குப் பிறகு நடந்தது நினைவிருக்கும். பல ஊர்களில் முன்பு இருந்ததைவிட அதிகமாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. எஞ்சினுக்குப் பொருந்தாதவை, அவசரத்தில் செய்து தரம் குறைந்தவையும் அதில் இருந்தன. இலவசமாக வந்த படகுகூட ஓட்டச் செலவு கட்டுப்படியாகாமல் மணலில் கவிழ்ந்து கிடந்தது உண்டு.

முன்பணம் என்கிற தூண்டில்

துண்டு விழும் மாதத்தில் முதலில் வந்து நிற்பவர் வியாபாரி. "இந்தாங்க, எண்ணெய்க்கு வச்சுக்கங்க" என்பார். நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு மீனை அவரிடம்தான் போட வேண்டும். விலை அவர் சொல்வது, கழிவு அவர் எடுப்பது. இந்தப் பிடியிலிருந்து விடுபடத்தானே குழுவே ஆரம்பித்தோம்? குழுக் கடனில் படகு வாங்கி, ஓட்டச் செலவுக்கு மறுபடி வியாபாரியிடம் போனால், படகு நம்முடையது, பாடு அவருடையது. அதனால் கடன் மனுவில் படகு விலை மட்டும் எழுதாமல், முதல் இரண்டு மாத ஓட்டச் செலவையும் சேர்த்து எழுதுங்க. அந்தத் தொகையையும் சேர்த்தால் கடன் தாங்காது என்று தெரிந்தால், படகு நமக்குப் பெரியது என்று அர்த்தம்.

படகைப் பார்த்து வாங்குவது

எந்த அளவானாலும் கட்டுகிற இடத்துக்கு நீங்களே இரண்டு பேர் போங்க. "பொம்பளைகளுக்கு என்ன தெரியும்" என்பார்கள். புடவை வாங்கும்போது நூலைப் பார்க்கத் தெரிந்த நமக்கு இதையும் பார்க்கத் தெரியும். ஓட்டின் மேல் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாங்க. கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால், உள்ளே அடுக்குகள் ஒட்டாமல் இருக்கலாம். எத்தனை அடுக்கு கண்ணாடி இழை போடுகிறார்கள் என்று எழுதி வாங்குங்க. எஞ்சின் மாட்டும் பின்பலகை தடிமனாக இருக்க வேண்டும். சின்னப் படகு வாங்கிவிட்டு அதில் பெரிய எஞ்சின் மாட்டுவது எல்லாவற்றிலும் மோசம். பின்பக்கம் அமுங்கும், பின்பலகை விரியும், அலை பின்னாலிருந்து ஏறும்.

முக்கியமாக, மிதவை அறைகள். படகுக்குள் நுரைப்பொருள் அடைத்த அறைகள் இருந்தால் தண்ணீர் நிறைந்தாலும் படகு முழுகாது, பிடித்துக்கொண்டு கிடக்கலாம். ஆழமில்லாத இடத்தில் படகுக்குள் தண்ணீர் நிரப்பி மிதக்கிறதா என்று காட்டச் சொல்லுங்க. காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

வெளிநாடுகளில் அலுமினியப் படகு நிறைய உண்டு, எடை குறைவு, அடிபட்டால் உடையாமல் நெளியும், நாமும் அதை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு பித்தளையோ இரும்போ தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். ஓட்டை விழுந்தால் அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஃபைபர் என்றால் நம்ம கரையிலேயே இழையும் ரெசினும் வைத்து ஒட்டிவிடுவார்கள். பழுது பார்க்கிற ஆள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பதும் விலையில் ஒரு பாகம்.

வாங்கிய பிறகும் ஒரு சிக்கனம் நம்ம கையில் இருக்கிறது. எஞ்சினின் சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஓட்டினால் மணிக்கு எரியும் எண்ணெய் ஏறக்குறைய பாதியாகும். கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். முதலில் கரை சேர்கிறவருக்கு நல்ல விலை என்பது உண்மைதான். ஆனால் போகும்போதும் முழு வேகம் எதற்கு?

யார் பெயரில்?

கடன் நம்ம பெயரில். தீர்மானத்தில் கையெழுத்து நம்ம கையெழுத்து. படகு யார் பெயரில்? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ன்படி மீன்பிடிப் படகைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் உறுப்பினர் பெயர் இருக்கட்டும். இல்லாவிட்டால் விற்கிற நாளில் நம்மைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, தவணை மட்டும் நம்மைத் தேடி வரும். பெயர் நம்முடையது என்றால் பாட்டுக் கணக்கும் நம்ம நோட்டில் ஏற வேண்டும். தினமும் மூன்று எண் போதும்: எண்ணெய், பாடு, விற்ற விலை.

உயிர்தான் முதல்

இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. படகு பெரிதானால் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பெரிய படகுகளில் ஆழ்கடலுக்குப் போனவர்களும் திரும்பவில்லை. பெரிய படகு நம்மைத் தூரம் கொண்டுபோகும். தூரம் போனால் செய்தி வராது, திரும்பவும் நேரம் ஆகும். சின்னப் படகில் ஆபத்து வேறு மாதிரி: கூடுதல் ஆளும் கூடுதல் வலையும் ஏற்றினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே கையகலம்கூட இருக்காது. எஞ்சின் நின்றால் சின்னப் படகைத் துடுப்புப் போட்டு ஓரளவு கொண்டுவரலாம். பெரிய படகை எதிர்காற்றில் துடுப்பால் நகர்த்துவது கடினம். அதற்கு நங்கூரமும் நீளமான கயிறும் கட்டாயம்.

எந்தப் படகானாலும் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர்காப்புச் சட்டை என்பதைக் கடன் நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. கடலோரக் காவல் படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்த இரண்டு எண்ணையும் படகின் உட்புறம் பெயிண்டால் எழுதிவைங்க. வீட்டுச் சுவரிலும் எழுதிவைங்க. கரையில் காத்திருப்பது நாம்தானே.

மனு எழுதும் முன் குழுவில் கேட்க வேண்டியவை

1. எந்தக் கடல், எந்தக் காற்றில் எத்தனை நாள் தொழில்?
2. அன்றன்றைக்குத் திரும்பும் தொழிலா, தங்கி வரும் தொழிலா?
3. வீட்டில் கடலுக்குப் போகும் கை எத்தனை? வெளியாள் எத்தனை?
4. போன இரண்டு வருடத்தில் நல்ல மாதம் எத்தனை, கெட்ட மாதம் எத்தனை?
5. ஒரு நாள் கடலுக்குப் போக மொத்தச் செலவு என்ன?
6. மூன்று தவணைப் பணம் தனியாக இருக்கிறதா?
7. பழைய முன்பணம் யாரிடமாவது பாக்கி இருக்கிறதா?
8. படகு எங்கே நிற்கும்? புயல் வந்தால் எங்கே போகும்?
9. பதிவு யார் பெயரில்? காப்பீடு உண்டா?

இந்த ஒன்பதுக்கும் பதில் எழுதினால் 20 அடியா 28 அடியா என்று கடன் குழுவைக் கேட்க வேண்டியதே இல்லை, உங்களுக்கே தெரிந்துவிடும். பதில் பெரிய படகு என்று வந்தால் தைரியமாகக் கேளுங்க, நாங்கள் உங்கள் பக்கம் நின்று வங்கியில் பேசுவோம். சின்னப் படகு என்று வந்தால் கூச்சப்படாதீங்க. அடைத்து முடித்த சின்னக் கடன் வங்கிப் புத்தகத்தில் இருந்தால், அடுத்த முறை பெரிய கடன் கேட்க அதுவே சிபாரிசு.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கை நீங்கள் மட்டும் போடாதீங்க. கடலுக்குப் போகிறவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்க. கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், தவணையைப் பற்றி நமக்குத் தெரியும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நோட்டோடு வாங்க. ஒவ்வொரு குழுவாக உட்கார்ந்து பார்ப்போம்.